முதலில் மொத்தம், பிறகு முகம்

லென்ஸ் வாங்க வருகிறவர்களிடம் அந்த அக்கா முதலில் கையை நீட்டுவார். கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றி அந்தக் கையில் வைக்க வேண்டும்.

"நீங்க எங்கன நின்னு படம் எடுக்குறீகன்னு பாப்போம். அப்புறம் எந்த லென்ஸுன்னு பேசுவோம்" என்பார்.

சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். சிலருக்கு முகம் மாறும். மதுரையிலிருந்து காரில் வந்த ஒருவர், "லென்ஸ் கேட்டா கார்டு கேக்குறீங்க. இது கடையா, ஆஸ்பத்திரியா?" என்றார்.

"ஆஸ்பத்திரியில நாக்கை நீட்டச் சொன்னா நீட்டுறீகள்ல? அதே மாதிரிதான். நீட்டுங்க."

நீட்டினார்.

பாம்பன் பாலத்தில் இறங்கித் தங்கச்சிமடம் போகிற சாலையில், ஓர் ஓட்டு வீட்டின் முன்னறைதான் அவர் கடை. பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்குவார், விற்பார், பழுது பார்ப்பார். பயணிகளுக்கு நாள் வாடகைக்கும் கொடுப்பார். தனுஷ்கோடியில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைத்த நாங்கள் இருபது பேர் அவரை நம்பித்தான் இருந்தோம். கடல் காற்றில் ஒரு லென்ஸ் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய காரியம். உப்பு ஏறிக் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். மணல் புகுந்து வளையம் கரகரக்கும். அக்கா லென்ஸைக் காதோரம் வைத்து வளையத்தை மெதுவாகத் திருப்பிக் கேட்பார். "இது அரிச்சல்முனை மணலு. போன வாரம் காத்துல விட்டிருக்க" என்பார். எந்த மணல் என்பதை எங்களால் சரிபார்க்க முடியாது. போன வாரம் என்பது சரியாக இருக்கும்.

கடை வாசல் நிலையில் ஓர் ஆணி. அதில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் தொங்கும். கேனுக்குச் சாமந்திப்பூ நிறச் சேலைத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கும். உறையை நனைத்து வைத்தால் தண்ணீர் சாயங்காலம் வரை சில்லென்று இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக் குடிக்கலாம். "அம்மா தச்சது. எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" என்று முதல் நாளே சொன்னார். படகில் போகிறவர்கள்தான் இப்படி உறை போட்ட கேனைக் கொண்டுபோவார்கள்; அவருடைய தம்பி கடலுக்குப் போகிறவன் என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. போகிறவனா, போனவனா என்பது பிறகு தெரிந்தது.

கார்டைக் கணினியில் செருகிக் கடைசி இருநூறு படங்களைத் திறப்பார். ஒவ்வொரு படத்தோடும், அப்போது லென்ஸ் எந்த எண்ணில் நின்றது என்பதைக் கேமரா எழுதி வைத்திருக்கும். பதினெட்டு என்றால் எதிரே இருக்கிற எல்லாம் படத்துக்குள் விழும். முந்நூறு என்றால் தூரத்தில் நிற்கிற ஒருவரின் முகம் மட்டும் விழும். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அகலம், நடு, தூரம் என்று மூன்று கட்டம் போட்டு, படத்துக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டே வருவார். இருநூறு கோடு முடியும்வரை வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"உங்க பிள்ளைக படம் எல்லாம் அகலத்துல இருக்கு. வீட்டுக்காரம்மா நடுவுல. கோபுரம் மட்டுந்தான் தூரத்துல. உங்களுக்குப் பதினெட்டு–நூத்தி நாப்பது போதும். முந்நூறு வாங்கிக் கழுத்துவலிக்காரரா அலையாதீக."

இப்படிச் சொல்லி விலை கூடின லென்ஸைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார். மதுரைக்காரரும் நூற்று நாற்பதோடுதான் போனார்.

நான் போனபோது என்னிடம் எழுபது–முந்நூறு லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவரிடம் வேலை பார்த்துக் கூலிக்குப் பதிலாக வாங்கியது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு புரோட்டாக் கடை, லாரி கிளீனர், ஆந்திராவில் போர்வெல் போடுகிற வண்டி, தொண்டிப் பக்கம் இறால் பண்ணை என்று ஓரிடத்தில் ஒரு வருஷம் தங்கினது கிடையாது. கேமரா மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. அந்த லென்ஸில் ஒரு குடும்பத்தை முழுசாக எடுக்க வேண்டும் என்றால் பாதிக் கடற்கரை பின்னால் போக வேண்டும். தனுஷ்கோடியில் மற்றவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். "இவன் போன் போட்டுத்தான்டா சிரிக்கச் சொல்லுவான்."

அந்தச் சமயம் ஒரு வேலை வந்தது. வடக்கேயிருந்து வருகிற யாத்திரைக் கூட்டங்களை வேனில் கோயில் கோயிலாகக் கூட்டிப்போகும் ஒருவர், கூடவே வந்து படம் எடுக்க ஆள் தேடினார். ஓர் ஆள், ஒரு பை, அவ்வளவுதான் வேனில் இடம் என்றார். கோபுரமும் எடுக்க வேண்டும், கூட்டத்தையும் எடுக்க வேண்டும், வேன் ஜன்னலிலிருந்து மயிலும் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ். அதைக் கேட்டுத்தான் அக்காவிடம் போனேன்.

கோடு போட்டு முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். அகலக் கட்டமும் நடுக் கட்டமும் காலி. தூரத்தில் இருநூறும்.

"என்கிட்ட இருக்கிறதே தூர லென்ஸுதானேக்கா. வேற எப்படி இருக்கும்?"

"எழுபதுலயாவது ஒண்ணு இருக்கணும்ல? ஒண்ணு கூட இல்ல. பூராவும் எரநூத்தம்பது, முந்நூறு. கிட்டப் போக வழி இருந்தும் போகல நீ." தாளை மடித்துக்கொண்டே கேட்டார். "எந்த ஊரு?"

"பரமக்குடிப் பக்கம்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"ஆத்தா. அண்ணன்."

"எப்பப் போன கடைசியா?"

சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. சண்டை எதுவும் கிடையாது. ஒரு நாள் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். முதலில் வேலை கிடைத்ததும் போன் பண்ணலாம் என்று இருந்தேன். அப்புறம் வேலை போனது. அப்புறம் நம்பர் போனது. நாள் ஆக ஆகப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள் எல்லாரும் ஏதோ பெரிய காரணத்தோடு போகிறார்கள் என்று நினைக்கக் கூடாது.

அக்கா மடித்த தாளை மேசையில் வைத்தார். என்னை வெகுநேரம் பார்த்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய தம்பி கதை தீவில் எல்லாருக்கும் தெரியும். நான் அங்கே போவதற்கு நான்கு வருஷம் முன்னால் நடந்தது. அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டில் அம்மாவோடு வாய்ச்சண்டை. "நான் கேரளாவுக்குப் போறேன், இனிமே என்னைத் தேடாதீக" என்று கத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு விடியற்காலம் கிளம்பியிருக்கிறான். அன்று காலையில் பாம்பன் பாலத்துக்கு அடியில் தெற்கே கடந்து போன ஒரு விசைப்படகு திரும்பி வரவில்லை. இரண்டு உடல்கள் மூன்றாம் நாள் கரை ஒதுங்கின. மற்றது ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பி அந்தப் படகில் கடைசி நேரத்தில் ஏறினான் என்று படகுத் துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். ஏறினதைப் பார்த்தீர்களா என்று அழுத்திக் கேட்டபோது, படகுகிட்ட நின்றதைப் பார்த்தேன் என்றார். படகின் சொந்தக்காரர் நான்கு பேர்தான் போனார்கள் என்றார். மீன்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த பேரும் நான்குதான்.

அம்மா கேரளா என்றார். அக்கா கடல் என்றார். ஒரே வீட்டில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளன்று தீவின் கல்லறைத் தோட்டம் மெழுகுதிரியால் நிறைந்திருக்கும். மணலில் நட்ட சிலுவைகள், பூ, சொந்தக்காரர்கள். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வருவார். உடல் கிடைக்காதவர்களுக்கும் பேர் எழுதிச் சிலுவை நட்டிருப்பார்கள். கடற்கரை ஊரில் அப்படிச் சிலுவைகள் நிறைய. அக்கா இரண்டு மெழுகுதிரி எடுத்துப் போவார். அவருடைய அப்பாவின் சிலுவைக்கு முன்னால் ஒன்றைக் கொளுத்துவார். மற்றது பையிலேயே திரும்பி வரும். கொளுத்தினால் அம்மா அடுத்த நாள் முதல் சாப்பிட மாட்டார்.

"உசுரோட இருக்கிறவனுக்கு எவடி திரி ஏத்துவா?" என்பார் அந்த அம்மா. "நாளைக்கே வந்து நிப்பான். அவன் மூஞ்சியில எப்படி முழிப்ப?"

அக்காவின் அலமாரியில் அப்படித் திரும்பி வந்த நான்கு மெழுகுதிரிகள் லென்ஸ்களுக்குப் பக்கத்தில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெயிலில் கொஞ்சம் வளைந்திருந்தன.

படகு போன பிறகுதான் கார்டு கேட்கும் பழக்கம் வந்தது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். பாம்பன் பாலத்தின் மேல் எந்நேரமும் பயணிகள் கேமராவோடு நிற்பார்கள். ரயில் வரும், படகு போகும், எடுப்பார்கள். அன்று காலையிலும் யாராவது நின்றிருப்பார்கள். எந்த ஊர்க்காரர், யார் என்று தெரியாது. ஆனால் படம் எடுக்கிறவர் என்றைக்காவது இன்னொரு தடவை வருவார், லென்ஸில் மணல் போயிருக்கும், கடைக்கு வருவார். அதனால் எல்லாருடைய கார்டையும் பார்த்தார். வியாபாரத்துக்கும் அது உதவியது. இரண்டில் எதற்காகப் பார்க்கிறார் என்று கொஞ்ச நாளில் அவருக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகியிருக்கும்.

படம் கிடைத்தும் விட்டது. ஏழு மாதம் கழித்து ஒருவர் வந்தார். அன்று ரயிலுக்காகக் காத்து நின்றிருக்கிறார். கார்டை அழிக்காமல் வைத்திருந்தார். பாலம், தண்டவாளம், இரண்டு பக்கக் கடல், நடுவில் சின்னதாக அந்தப் படகு. பெரிசு பண்ணினால் படகின் எண்ணைப் படிக்க முடிந்தது. ஆட்கள் எறும்பு அளவு. நான்கு பேர் நிற்பது தெரிந்தது. ஐந்தாவதாக இருந்தது ஆளா, குவித்து வைத்த வலையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கு உங்ககிட்ட தூரத்துக்கு வேற லென்ஸ் இல்லையா?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"இருந்துச்சு மேடம். பைக்குள்ள இருந்துச்சு. பாலத்து மேல அவ்வளவு காத்து. கழட்டி மாத்தினா உள்ள உப்பு போயிரும்னு விட்டுட்டேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாலத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள் என்று எங்களிடம் ஓயாமல் சொன்னவரே அக்காதான்.

அதற்கப்புறம் ஊர் சுற்றுகிறவர் யார் வந்தாலும் அவர் ஒரே பேச்சுதான். மாற்றாமல் வைத்திருக்கிற மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே லென்ஸ். விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு நாள் மன்னார் வளைகுடாவில் பறவைப் படம் எடுக்க வந்த ஒருவர் ஏறக்குறைய வகுப்பே எடுத்தார். எல்லாத்தையும் செய்யற லென்ஸ் எதையும் உருப்படியாச் செய்யாது, ஓரம் வளையும், தூர முனையில் மங்கும், வெளிச்சம் குறைந்தால் செத்துப்போகும் என்றார்.

"அம்புட்டும் உண்மை" என்றார் அக்கா. "இன்னொண்ணையும் சேத்துக்கங்க. கழுத்துல போட்டு நடந்தா லென்ஸோட கொழலு தானா எறங்கும்." மேசை இழுப்பறையைத் திறந்து சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி வைத்திருந்ததைக் காட்டினார். "அதுக்கு இதை மாட்டிக்கிறணும்."

"அப்புறம் ஏன் அதையே விக்கிறீங்க?"

"மங்கலா இருந்தாலும் மூஞ்சி மூஞ்சிதான் சார். பைக்குள்ள கெடக்குறது எம்புட்டுத் துல்லியமா இருந்து என்ன?"

பறவைக்காரர் ஒரு டியூப் வளையம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

லென்ஸ் கொடுக்கும்போது ஒரு சட்டமும் சேர்த்துக் கொடுப்பார். எதை எடுத்தாலும் இரண்டு படம். நின்ற இடத்தை விட்டு அசையாமல் முதலில் மொத்தத்தையும் எடுக்க வேண்டும். அடுத்து வளையத்தைத் திருப்பி முகத்தை எடுக்க வேண்டும். மொத்தம் இல்லாத முகம் எங்கே இருந்தது என்று தெரியாது, முகம் இல்லாத மொத்தம் யாருடையது என்று தெரியாது என்பார். இதைக் கண்டிப்பாகச் சொல்வார். தனுஷ்கோடி ஆட்கள் இதையும் கேலி செய்தார்கள். டீக்கடையில் ஒருவன் வடை எடுத்தால், "ஏலே, மொத்தம் பாத்தியா? முகம் பாத்தியா? அப்புறம் கடி" என்பார்கள். ஆனால் வேலையில் நின்றால் எல்லாருமே இரண்டாகத்தான் எடுத்தார்கள். நானும் இன்றுவரை அப்படித்தான்.

எனக்குப் பதினெட்டு–முந்நூறு கொடுத்தார். பழசு. வளையம் பாதியில் கொஞ்சம் இறுகும். என் எழுபது–முந்நூறை எடுத்துக்கொண்டார். பிறகு லென்ஸ் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று என்னை வாசலில் நிறுத்தினார். சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு இரண்டு எடுத்தார். லென்ஸ் வாங்கின எல்லாரையும் அப்படி எடுத்துத் தன் கணினியில் நாள் போட்டு வைத்துக்கொள்வார். சோதனைதானே என்று யாரும் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை.

"சிரிக்கவாக்கா?"

"நீ எப்படி நிப்பியோ அப்படி நில்லு. சிரிச்சு யாருக்குக் காட்டப் போற?"

அடுத்த வாரம் வேனில் கிளம்பினேன். அதற்குப் பிறகு தீவுக்கு யாத்திரைக் கூட்டத்தோடு மாதம் ஒரு தடவை வருவேன். கடைப் பக்கம் போவதற்கு நேரம் இருக்காது. கன்னியாகுமரி, திருச்செந்தூர், மதுரை, ராமேசுவரம், திரும்பவும் கன்னியாகுமரி. எனக்கு அது ஒத்துப்போனது. ஓரிடத்தில் இரண்டு இரவு கிடையாது.

ஒரு வருஷம் இருக்கும். திருச்செந்தூரில் இருந்தபோது அக்கா போன் பண்ணினார். அவராக எனக்குப் பண்ணினது அதுதான் முதல் தடவை.

"உங்க அண்ணன் வந்திருந்தாரு" என்றார்.

ஊர்க்காரர் யாரோ அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வந்தபோது என்னை அக்னி தீர்த்தத்தில் பார்த்தார்களாம். அண்ணன் ஆதார் கார்டில் இருந்த என் படத்தைப் பெரிசு பண்ணி எடுத்துக்கொண்டு தீவு முழுக்கக் காட்டியிருக்கிறார். தனுஷ்கோடிக்காரர்கள் கடையைக் காட்டிவிட்டார்கள். எல்லார் படமும் அங்கே இருக்கும் என்று.

"என்ன சொன்னீங்கக்கா?"

"நான் என்னத்தைச் சொல்ல? ஒன் ரெண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். பின்னாடி நாளு எழுதியிருக்கு. ஒரு வருசத்துக்கு முன்னாடி உசுரோட இருந்தான், எங் கடை வாசல்ல நின்னான்னு அது சொல்லும்ல. நம்பரைக் கேட்டாரு. குடுக்கல."

"ஏன்?"

"படம் நான் எடுத்தது, அதனால குடுத்தேன். பேசுறது ஒன் வேலை." பிறகு, "அந்த மனுசன் கடையில நின்னு அழுதாருப்பா. படத்தைப் பாத்துட்டுச் சந்தோசத்துல அழுகுறாரு. எனக்குப் பொறாமையா இருந்துச்சு" என்றார்.

நான் அன்றே ஊருக்குப் போய்விடவில்லை. இருபது நாள் ஆயிற்று. கூட்டத்தை மதுரையில் இறக்கிவிட்டு, வேன்காரரிடம் இரண்டு நாள் கேட்டுப் பரமக்குடி பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது ஆத்தா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. ஓடி வரவில்லை, அழவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றது. பிறகு உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் வெளியே வரவில்லை.

சுவரில் இரண்டு படமும் இருந்தன. அண்ணன் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். முகம் இருந்த படத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மொத்தம் இருந்த படத்தில் மட்டும் கீழ்ப்பக்கம் விரல் தடம் படிந்து மங்கியிருந்தது.

"ஏன் ஆத்தா, மூஞ்சி நல்லாத் தெரியுற படம் பக்கத்துலயே இருக்குல்ல" என்றேன்.

"ஒன் மூஞ்சி எனக்குத் தெரியாததா? கால்ல செருப்பு கெடக்கான்னு பாத்தேன்" என்றது ஆத்தா. "செருப்பு இருந்துச்சு. அப்ப எங்கனயோ நல்லாத்தான் இருக்கான்னு அண்ணன்கிட்டச் சொன்னேன்."

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "ம்" என்றார். "வைக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நவம்பர் மாதம் அவரே போனில் சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்.

பயணி கொடுத்த படத்தில் ஆட்கள் நின்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிசு பண்ணிப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார் அக்கா. ஐந்து வருஷமாக அவர் பார்த்தது அந்தத் துண்டைத்தான். அந்த நான்கு பேர் உருவத்தையும், ஐந்தாவதாக ஆளா வலையா என்று தெரியாத அந்தக் கறுப்பையும். முழுப் படத்தை முதல் நாளுக்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. முதலில் மொத்தத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்.

என் போனை வைத்ததும் கணினியைத் திறந்திருக்கிறார். முழுப் படத்தில் படகின் பின்பக்கம், அவர் வெட்டின இடத்துக்கு வெளியே, இன்ஜின் அறைக் கம்பியில் ஒரு கேன் தொங்கியது. பெரிசு பண்ணினால் ஒரு நகம் அளவு. சாமந்திப்பூ நிறம்.

வாசல் ஆணியில் தொங்கிய கேனை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். எதுவும் சொல்லவில்லை, நாற்காலியில் உட்காரவைத்தார், அவ்வளவுதான். அம்மா வெகுநேரம் பார்த்தார். "மேல காது தச்சிருக்கேன் பாரு, அவன் தோள்ல மாட்டணும்னு கேட்டான்" என்றார். "நான் தச்சதுதான்."

பிறகு, "இதைக் கொண்டுக்கிட்டு அவன் கேரளாவுக்கா போவான்" என்று தனக்குத்தானே சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. பழுது பார்த்த லென்ஸைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"நேத்து ரெண்டும் ஏத்துனோம். அவன் திரியை அம்மாதான் ஏத்துனாங்க. சிலுவை இன்னும் நடல, அடுத்த வாரம். காத்து ரொம்ப. ஒரு தடவை அணைஞ்சுச்சு. திரும்ப ஏத்துனாங்க."

"சரிக்கா" என்றேன்.

"நீ ஊருக்குப் போயி அந்தச் செருப்பு விசயத்தைச் சொல்லலைன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "பேச்சை விடு. இப்பக் கால்ல செருப்பு இருக்கா?"

நான் அப்போது சுசீந்திரத்தில் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் வெளியே வரட்டும் என்று காத்து நின்றேன். செருப்பை வேனிலேயே கழற்றிப் போட்டிருந்தேன். தரை காலைச் சுட்டது.

"இருக்குக்கா" என்றேன்.

அதுதான் கடைசியாகப் பேசியது. அடுத்த வருஷம் நான் கடைப் பக்கம் போனபோது அந்த முன்னறை பூட்டியிருந்தது. அக்கா அம்மாவை அழைத்துக்கொண்டு தூத்துக்குடியில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். வாசல் நிலையில் ஆணி மட்டும் இருந்தது. நின்ற இடத்திலிருந்தே வீட்டை ஒரு படம் எடுத்தேன். பிறகு வளையத்தைத் திருப்பி, அந்த ஆணியை ஒரு படம்.